ஊசித்தட்டான் வாலும் என் கோபமும்

மாடு விற்கிறவனைப் பல்லைக் காட்டச் சொல்வார்கள். ஊசித்தட்டான் விற்கிறவனை வாலைக் காட்டச் சொல்வார்கள். இரண்டு தொழிலும் பார்த்தவன் சொல்கிறேன், பல் பார்க்கிறவன் எவ்வளவோ மேல். அவன் ஒரு தடவை குனிந்து பார்ப்பான், உதட்டைப் பிதுக்குவான், விலை கேட்பான். வால் பார்க்கிறவரோ கண்ணில் ஒரு கண்ணாடி வில்லையைச் செருகிக்கொண்டு குனிந்தால், காப்பி ஆறும், வெயில் சாயும், நமக்குக் கால் மரத்துப்போகும். அப்புறம் நிமிர்ந்து, "இது போன மாசம் கொடுத்ததேதான்" என்பார். அடிவயிற்றிலிருந்து கோபம் வருமா வராதா?

சரக்கை விற்பதைவிட அது என்ன சரக்கு என்று ஊருக்கு விளக்கியே வாய் வலித்துப்போன சகோதரர்கள் சிலராவது இதைப் படிப்பீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். ஊசித்தட்டான் தெரியுமல்லவா? தட்டான்களில் ஒல்லிக் கூட்டம். உடம்பு ஊசி மாதிரி இருக்கும். பெரிய தட்டான் இறக்கையை விரித்துக்கொண்டு உட்காரும். இது அடக்கமாக முதுகின் மேல் மடக்கிக்கொள்ளும். அடக்கமெல்லாம் பார்வைக்குத்தான். ஒன்றைப் போல இன்னொன்று இருந்து மனுசனைப் பைத்தியமாக்குவதில் இதற்கு நிகர் கிடையாது.

எனக்குச் சொந்த ஊர் எருத்தேன்பதி. எழுத்துக் கூட்டப் பழகியதே சந்தைச் சீட்டில்தான். மாட்டுத் தரகில் நன்றாகத்தான் பிழைத்தேன், வாய் சும்மா இருந்தவரை. கடைசியாக ஒரு வியாபாரி என் எதிரிலேயே கொம்பு சீவிய கிழட்டு மாட்டை இளங்காளை என்று விற்றான். அவன் தலைப்பாகையைக் கழற்றி அந்த மாட்டுக்கே கட்டிவிட்டேன். அதற்குப் பிறகு சுற்றுவட்டாரத்தில் எந்தச் சந்தையிலும் எனக்கு முளைக்குச்சி அடிக்க இடமில்லை. ஐம்பதுகளின் ஆரம்பம் அது. கையில் தொழில் இல்லை, வாயில் மட்டும் குறைவில்லை.

ஒரே வீட்டை மூன்றாக்கியது

கொல்லங்கோட்டில் ஒரு குளக்கரை. பெரியவர் ஒருவர் தொடையளவு சேற்றில் இறங்கி, வலையை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏறவும் முடியவில்லை; யாரையாவது கூப்பிடக் கௌரவம் விடவில்லை. இழுத்து வெளியே போட்டேன். கல்பாத்திக்காரர், கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், பெயர் வைத்தியநாதன். ஊருக்கெல்லாம் வைத்தி சார். "இந்தப் பூச்சிக்கா சேத்துல எறங்குனீங்க? நான் புடிச்சுத் தந்தா என்னங்க தருவீங்க?" என்றேன். சாதி ஒன்றுக்கு இவ்வளவு என்று அங்கேயே பேச்சு முடிந்தது. எனக்கு மிஞ்சிய ஒரே வாடிக்கை அப்படித்தான் சேற்றிலிருந்து கிடைத்தது. அவரும் போனால் எனக்குப் போக்கிடம் கிடையாது. இதை மட்டும் நீங்கள் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு நாளும் மறக்கவில்லை.

அடுத்த வாரமே மூன்று பொட்டலத்தோடு கல்பாத்தியில் நின்றேன். கட்டை விரல் நீளம்கூட இல்லாத குட்டி ரகங்கள். ஒன்று பச்சையும் கறுப்புமாக, வால் நுனி மட்டும் செங்காவி. இன்னொன்று உடம்பெல்லாம் மிளகாய்ப்பழச் சிவப்பு. மூன்றாவது மங்கின பாசிப் பச்சை. எந்தக் குருடனும் மூன்று சாதி என்றுதான் சொல்வான். செவலை மாடு ஒரு நாளும் மயிலை ஆகாது என்பது என் தொழில் பாடம். வைத்தி சார் வில்லையை மாட்டிக்கொண்டு மூன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பச்சை கறுப்பு ஆணாம். சிவப்பு அதே சாதியில் இளசான பெண்ணாம். அந்தச் சிவப்பே வயசானால் பாசிப் பச்சை ஆகிவிடுமாம். நான் குரலை உயர்த்தி, "மூணு நெறத்துல இருக்கறது எப்படீங்க ஒண்ணாகும்?" என்று சண்டைக்கு நின்றேன். அவர் வில்லையைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"புருஷன், பொண்டாட்டி, அவா பொண்ணு. ஒரே ஆத்தைப் பிரிச்சு மூணு ஜாதின்னு விக்க வந்தீராக்கும்?"

துண்டுக்குள் போன கை

நிறத்தை நம்பாதே என்றால் எதைத்தான் நம்புவது? இன்னும் சில பொட்டலம் கொடுத்த பிறகு, அதையும் அவர்தான் காட்டினார். வில்லையை என் கண்ணில் வைத்து, ஆண் பூச்சியின் வால் நுனியைப் பார்க்கச் சொன்னார். சும்மா பார்த்தால் நூல் முடிச்சு மாதிரி இருப்பது, வில்லையில் கொல்லன் பட்டறைக் குறடாகத் தெரிந்தது. மேலே இரண்டு கொக்கி, கீழே இரண்டு கொக்கி. நிறம் வயசுக்கு வயசு மாறும், உடம்பு தீனிக்குத் தக்கபடி பெருக்கும் சிறுக்கும். இந்தக் குறடு மட்டும் ஒரு சாதிக்கு ஒரே அச்சு. ஒன்றில் மேல்கொக்கி வளைந்திருக்கும், இன்னொன்றில் நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். "இதைக் கொண்டுவந்தா ஜாதி. மத்ததெல்லாம் வெறுதே வர்ணம்" என்றார். குளத்து ரகம் போதும், இனி மலை ஓடைகளில் இருட்டுக்குள் தொங்கும் நீளவால் ரகம் வேண்டும், வண்டிப்பெரியார் பக்கம் போக முடியுமா என்று கேட்டார்.

மலை என்றால் விலை வேறு. விலை என்றால் வாயால் பேசக் கூடாது; சந்தையில் நாங்கள் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் ஒருவன் விரலை ஒருவன் பிடித்துத்தான் பேசுவோம். பழக்கதோஷம், தோளில் இருந்த துண்டை இரண்டு பேர் கைமேலும் போட்டு அவர் விரல்களைப் பிடித்தேன். அவர் வியாபாரத்தை விட்டுவிட்டு என் கையைத் துண்டுக்கு வெளியே இழுத்தார். வெளிச்சத்தில் திருப்பினார். கயிறு இழுத்துக் காய்த்த கை. ஒவ்வொரு விரலும் முருங்கைக்காய் தடிமன். போன வாரம் கொண்டுவந்த பொட்டலங்களில் பாதி வால் ஒடிந்து கிடந்த ரகசியம் அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

"நீர் கேக்கற விலையைத் தரேன் ஓய். ஆனா இந்த விரல் என் பூச்சியைத் தொடப்படாது!"

கொழுந்து கிள்ளுகிற விரல்

வண்டிப்பெரியாரில் வந்து இறங்கியதும் முதலில் தேடியது ஓடையை அல்ல, விரலை. தேயிலைத் தோட்டத்தில் விரலுக்கா பஞ்சம்? செல்லத்தாயி என்று ஓர் அம்மாள், தோட்டத்து லயத்தில் குடியிருப்பவள்; தென்காசிப் பக்கத்திலிருந்து அவள் அப்பன் காலத்தில் மலையேறின குடும்பம். அவள் கொழுந்து கிள்ளுவதைப் பார்த்தேன். விரல் போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. பக்கத்து முற்றின இலை அசையக்கூட இல்லை. நிறுவை முடிந்த சாயங்காலங்களில் எனக்கு வேலை செய்யச் சம்மதித்தாள்.

வேலை இதுதான். நான் வலையில் பிடித்து வருவேன். அவள் பழைய செய்தித்தாளை முக்கோணமாக மடித்து, இறக்கையைச் சேர்த்து, வாலை நேராக நீட்டி, உள்ளே படுக்கவைப்பாள். மழைக்காலத்தில்தான் அந்தப் பூச்சி கிடைக்கும். அந்த ஈரத்தில் வெளியே வைத்தால் பூசணம் பூக்கும். அதனால் லயத்து அடுப்புக்கு மேலே விறகு காயும் பரணில் வைப்பாள். வாலோ வைக்கோல் தும்பைவிட மெல்லிசு. அதுவும் காய்ந்த பிறகு மூச்சு விட்டால் ஒடியும். என் மூச்சு கொஞ்சம் பலமானது என்று என்னை வாசற்படிக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டாள். லயத்தில் எல்லோரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். முதல் பொட்டலத்தை மடித்துக் கொடுத்துவிட்டுச் செல்லத்தாயி சொன்னாள்:

"இலைய ஒழுங்காக் கிள்ளலன்னு கணக்குப்பிள்ள ஏசுதாரு. வாலக் கிள்ளிப்புடாதன்னு நீங்க கூலி தாறீக. நல்ல உலகமய்யா இது, அண்ணாச்சி!"

சட்டத்தில் இல்லாத சரக்கு

முதல் பெட்டி நிறைந்தது. பிஸ்கட் டின்னில் பஞ்சு பரப்பி, முக்கோணங்களை அடுக்கி, ஒரு வால் ஒடியாமல் மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அப்போது வண்டிப்பெரியார் திருக்கொச்சி ராஜ்யம், குமுளி இறங்கினால் மதராஸ் ராஜ்யம். நடுவில் செக்போஸ்ட். ஏலக்காய்க் கடத்தல், கஞ்சாக் கடத்தல் என்று அங்கே எப்போதும் ஒரு துழாவல். டின்னைத் திறந்த அதிகாரி, காகிதப் பொட்டலங்களைப் பார்த்ததும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "தும்பிங்க" என்றேன். "தும்பியோ?" என்று சிரித்தார்.

அந்த இடத்தில் நானும் சிரித்திருந்தால் ஒன்றிரண்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு விட்டிருப்பார். எனக்குத்தான் அந்த வரம் கிடையாதே! "நான் என்ன கள்ளக்கடத்தல்காரனா? பிரிச்சுப் பாருய்யா, எல்லாத்தையும் பிரிச்சுப் பாரு!" என்று கத்தினேன். மனுசன் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தார். கட்டை விரலை எச்சில் தொட்டு, தாலுகா ஆபீஸில் காகிதம் புரட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாகப் பிரித்தார். மலைக்காற்று ஒன்று உள்ளே புகுந்தது. தலை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம், மேஜை முழுக்கக் குச்சி குச்சியாகச் சிதறியது. பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான். நான் தரையில் மண்டி போட்டு வால் பொறுக்குகிறேன். அதிகாரிக்கே பாவமாகிவிட்டது போல. அவரும் குனிந்து இரண்டு வாலைப் பொறுக்கி என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"கஞ்சாவாயிருந்தா கேஸ் எழுதி அப்பவே முடிஞ்சிருக்கும். இதுக்கு எந்தான்னு எழுதறது?"

வால் தனி, உடம்பு தனி

கல்பாத்தியில் டின்னைத் திறந்தபோது வைத்தி சார் முகம் போன போக்கை நான் எழுத மாட்டேன். வண்டிப்பெரியாருக்குப் பின்னால் ஒரு சோலை ஓடை இருக்கிறது, டின்னில் இருந்ததெல்லாம் அந்த ஓடைச் சரக்குதான். அதில் பாறைக் கசிவு ஓரமாக ஒரு நீளவால் ரகம் தொங்கும். கொஞ்சம் தள்ளி, மரவேர்கள் தண்ணீரில் இறங்கும் இடத்தில் இன்னொன்று தொங்கும். இரண்டும் கறுப்பு, இரண்டுக்கும் வாலில் இளநீல வளையம், இரண்டுக்கும் கழுத்துப் பட்டை வெளுப்பு. ஆனாலும் தனித்தனி சாதி என்று எனக்கு ஒரு பிடிவாதம். பாறைக்காரன் ஆள் வந்தால் சட்டென்று மேலே எழுவான். வேர்க்காரன் அசையாமல் ஆடிக்கொண்டே இருப்பான். சந்தையில் மாட்டின் நடையைப் பார்த்தே ஊர் சொன்னவன் நான்.

"ஓடறதைப் பாத்து ஜாதி சொல்ல நான் பந்தயக் குதிரை வாங்கலை ஓய். குறடைக் காட்டும்!" என்றார் வைத்தி சார். குறடு எங்கே? ஒரு பக்கம் வாலில்லாத உடம்புக் குவியல், ஒரு பக்கம் உடம்பில்லாத வால் குவியல். எது யாருடையது என்று பிரம்மாவுக்குத்தான் தெரியும். செக்போஸ்ட் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார், நடுவில் சிரிப்பைக்கூட அடக்கினார். ஆனால் டின்னை மூடி என் கையில் கொடுக்கும்போது சிரிப்பு இல்லை.

"இன்னொரு தடவை ஒரு வால் தனியா வந்தாலும், அந்தப் பெட்டி இந்தப் படி ஏறப்படாது. நீரும் ஏறப்படாது."

வைத்தி சார் காப்பி கொடுத்த நாள்

ஒரே வாடிக்கை, அவரும் படி ஏறாதே என்கிறார். அந்தப் பயத்தையெல்லாம் கோபமாக மாற்றி வண்டிப்பெரியாருக்குக் கொண்டுபோனேன். லயத்து வாசலில் நின்று, "ஒரு வால் தனியா இருக்கக் கூடாது! பெட்டியைத் தொறந்தா ஒரு வால்கூடத் தனியா இருக்கக் கூடாது!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் காம்பராவில் கோழி அடை விட்டு எழுந்துவிட்டதாம். செல்லத்தாயி தலையை ஆட்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அடுத்த பெட்டியோடு இறங்கியபோது குமுளியில் நான் வாயைத் திறக்கவில்லை. புது அதிகாரி ஒன்றிரண்டைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். கல்பாத்தியில் டின் திறந்தது. பஞ்சின் மேல் அத்தனை பூச்சியும் முழுசு முழுசாக. ஒரு வால் தனியாக இல்லை.

வைத்தி சார் பாறைக்காரன் ஒன்றை எடுத்து வில்லையில் பார்த்தார். இன்னும் குனிந்தார். மூச்சு நின்றுவிட்டதோ என்று நானே எழுந்தேன். "ஓய்! உடம்பு ஒரு மாதிரி, குறடு வேற மாதிரி. எந்தப் புஸ்தகத்துலேயும் இப்படி ஒண்ணு இல்லை ஓய்!" என்றார். உள்ளே பார்த்து, "ரெண்டு காப்பி" என்று குரல் கொடுத்தார். இரண்டில் ஒன்று எனக்கு. அந்த வீட்டில் அதற்கு முன் எனக்குக் கிடைத்ததெல்லாம் மோர்தான். நுரை பொங்கும் காப்பியைப் பிடித்துக்கொண்டு, புதுச் சாதி என்றால் விலையை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். குறடை இன்னும் நன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் காய்ந்த உறுப்பு இளக வேண்டும். அதற்காக அவர் பூச்சியை வெந்நீர் ஆவியில் காட்டினார். கொஞ்ச நேரம். 'டொப்' என்றுகூடச் சத்தம் வரவில்லை. வால் மெதுவாகக் கழன்று தட்டில் விழுந்தது. ஒட்டு இருந்த இடத்தில் வெள்ளையாக, பிசுபிசுவென்று ஏதோ. அடுத்ததை ஆவியில் காட்டினார், அதுவும் விழுந்தது. அதற்கடுத்ததும். வைத்தி சார் அந்த வெள்ளையை விரல் நுனியில் தொட்டு, மூக்கருகே கொண்டுபோய், என் கையிலிருந்த காப்பியைப் பார்த்தபடி சொன்னார்:

"இது புது ஜாதியும் இல்லை, பழைய ஜாதியும் இல்லை. பழைய சாதம், ஓய்!"

செல்லத்தாயியின் நியாயம்

அன்றைக்கே அவர் கணக்கை முடித்திருப்பார். முடித்தும்விட்டார்; "நமக்குள்ள இனி ஒண்ணும் இல்லை, போயிட்டு வாரும்" என்று சொல்லி எழுந்தார். என் வாய்தான் என்னைக் கெடுத்தது. அதே வாய்தான் அன்றைக்குக் காப்பாற்றியது. "வாங்கறவன் தொழுவத்துக்கு வந்து பாக்காம எந்த மாடும் விக்காதுங்க. நீங்களே வந்து ஓடையில பாருங்க! ரெண்டும் ஒண்ணுதான்னு உங்க வாயால சொல்லிட்டா நான் மலையை உட்டே எறங்கிப் போயிடறேன்!" என்று கத்தினேன். கல்பாத்தித் தெருவில் இரண்டு ஜன்னல் திறந்தன. அதற்காகவே இருக்கலாம், "ஒரே ஒரு தடவை" என்று மெதுவாகச் சொன்னார்.

அவர் புறப்படுவதற்கு முன் நான் மலையேறினேன், செல்லத்தாயியை ஒரு பிடி பிடிக்க. விஷயம் வெளியே வந்தது. அடுப்புப் பரணில் காய்ந்ததில் சிலது தானாகவே ஒடிந்திருக்கிறது. என் சத்தம் காதில் இருக்கிறதே. அவள் சோற்றை மசித்துப் பசையாக்கி, கொழுந்து கிள்ளுகிற அந்த விரலால், வில்லையில் பார்த்தாலும் தெரியாத மாதிரி ஒட்டியிருக்கிறாள். பாறைக்காரன் உடம்பில் வேர்க்காரன் வால், வேர்க்காரன் உடம்பில் பாறைக்காரன் வால். சந்தையில் கொம்பு சீவுகிறவனுக்குக்கூட இவ்வளவு கைநேர்த்தி கிடையாது. நான் சத்தம் போட்டு முடிக்கிற வரைக்கும் அவள் முற்றத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு திரும்பினாள்:

"ஒரு வாலும் தனியா இருக்கப்புடாதுன்னு ஏசுனீகளே தவிர, எந்த வாலு எந்த உடம்புக்குன்னு ஒரு வார்த்த சொன்னீகளா, அண்ணாச்சி?"

வலைக்கு ஜன்னல் சீட்டு

வைத்தி சார் பயணத்துக்குக் கொண்டுவந்தது ஒரு துணிப்பை, ஒரு பெரிய வலை. அழைத்து வர நான் கம்பம் வரை இறங்கிப் போயிருந்தேன். வலையின் கம்பைக் கழற்ற முடியாதாம், வளையத்தை மடக்க முடியாதாம், துணி கசங்கக் கூடாதாம். மலைப்பாதை வளைவுகளில் பஸ் சாயும்போதெல்லாம் அவர் தன்னைப் பிடித்துக்கொள்ளாமல் வலையைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் வலையை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு, நடுவில் அவர் நின்றுகொண்டே வந்தார். முகம் பாதி வழியிலேயே வேப்பிலை நிறத்துக்கு வந்துவிட்டது. அவருக்கு வேறு இடம் தரச் சொல்லி நான் கண்டக்டரோடு சண்டைக்குப் போனேன். கண்டக்டர் மதுரைப் பக்கத்துக்காரர், நிதானமாக டிக்கெட் கிழித்துக்கொண்டே கேட்டார்:

"வலைக்கு ஜன்னல் சீட்டு, சாமிக்கு நிக்கிற எடம். இதுல யாரு யாரக் கூட்டிட்டுப் போறாகன்னு மொதல்ல சொல்லுங்கண்ணே, அப்புறம் சண்ட போடலாம்."

சோலை ஓடையில் தீர்ப்பு

அடுத்த நாள் காலை மூன்று பேரும் சோலைக்குள் இறங்கினோம். செல்லத்தாயிக்குத் தோட்டத்தில் அன்று ஓய்வு நாள். "என் ஒட்டு வேலைக்கு நானே வந்து நிக்கேன்" என்று கூடவே வந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. இலைக்கு இலை அட்டை எழுந்து நின்று வரவேற்றது. வைத்தி சார் காலில் புகையிலைத் தண்ணீர் தடவிவிட்டதே செல்லத்தாயிதான். அவர் அட்டையைக் கவனிக்கும் நிலையில் இல்லை. பாறைக் கசிவில் ஓர் ஆணைப் பிடித்தேன். வேரடியில் ஓர் ஆணைப் பிடித்தேன். உயிரோடு, முழுசாக, சோறு படாத வால். அவர் பாறை மேல் குத்துக்காலிட்டு வில்லையைப் போட்டார். நான் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒன்று என்று சொன்னால் நான் சொன்ன சொல்லின்படி அப்படியே இறங்கிப் போக வேண்டும்.

"கீழ்க்கொக்கி நுனி பாறை ஆணுக்கு முள்ளு மாதிரி இருக்கு, மத்ததுக்கு இல்லை" என்றார். நான் "பாத்தீங்களா!" என்று துள்ளினேன். "துள்ளாதேயும். ஒத்தை ஆணைப் பாத்துத் தீர்ப்பு எழுத முடியாது. முள்ளு ஒடிஞ்சிருக்கலாம், தேஞ்சிருக்கலாம். பொண்ணு வேணும்" என்றார். பெண்ணைப் பார்த்து யாரால் சொல்ல முடியும்? பாறைப் பெண்ணும் வேர்ப் பெண்ணும் அச்சுப் போல ஒன்று. எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஆணைக் காட்டுனா பொண்ணு வேணும்ங்கறீங்க, பொண்ணைக் காட்டுனா அதோட ஆத்தாளைக் கேப்பீங்களாட்ட இருக்குது!" என்று நான் போட்ட சத்தத்தில் வேரடியில் தொங்கியதெல்லாம் பறந்துவிட்டன. வைத்தி சார் என்னைப் பார்த்த பார்வையில் மழைகூட நின்ற மாதிரி இருந்தது. செல்லத்தாயி என் கையைப் பிடித்து ஒரு மரத்தடியில் உட்காரவைத்தாள். "ஒக்காருங்க. அதுக வாரப்ப வரும்" என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, வாயை மூடிக்கொண்டு ஓரிடத்தில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். எனக்கு அது ஒரு வருஷம்.

அப்படி உட்கார்ந்ததால்தான் பார்த்தேன். வேரடிக்கு ஜோடியாக ஒன்று வந்து தொங்கியது. ஆண், வால் குறடால் பெண்ணின் கழுத்தைப் பிடித்திருந்தது. குறடு இருப்பதே அதற்குத்தான். பெண்ணின் கழுத்தில் அந்தக் குறடு உட்கார ஒரு வார்ப்பு இருக்கும் என்று வைத்தி சார் காதோடு சொன்னார். மூச்சை அடக்கி வலையை வீசினேன். ஜோடி கலையாமல் விழுந்தது. பாறைக் கசிவில் இன்னொரு ஜோடிக்காக மத்தியானம் வரை காத்திருந்து பிடித்தேன். செல்லத்தாயி இரண்டு பெண்ணையும் இறக்கையோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள, அவர் கழுத்தைப் பார்த்தார். வேர்ப் பெண்ணின் கழுத்துப் பட்டையில் சின்னதாக இரண்டு குமிழ். பாறைப் பெண்ணுக்குக் குமிழ் இல்லை. அந்த இடத்தில் குழி, முள்ளு போய் உட்கார அளவெடுத்த மாதிரி. பிறகு ஒரு காரியம் செய்தார். பாறை ஆணின் குறடை வேர்ப் பெண்ணின் கழுத்தில் வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை, அளவு மாறின நுகத்தடி மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. மாற்றி வைத்தார். அதுவும் வழுக்கியது. சொந்த ஜோடியோடு வைத்தார். கச்சிதமாகக் கவ்வியது.

"ரெண்டு" என்றார் வைத்தி சார். "அப்போ புது சாதிங்களா?" என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினார். இரண்டுமே புத்தகத்தில் இருக்கிறதாம். அந்தக் காலத்திலேயே வெள்ளைக்காரன் ஒருவன் வேறு வேறு மலையில் பிடித்துப் பெயர் வைத்தாயிற்றாம். இரண்டும் ஒரே ஓடையில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது மட்டும்தான் யாருக்கும் தெரியாதாம். இதற்கா அட்டை, இதற்கா சோற்றுப் பசை, இதற்கா செக்போஸ்ட்! நான் வாய் திறப்பதற்குள் அவர் வில்லையைப் பையில் போட்டு எழுந்தார். "ஓய், உம்ம பெட்டியை இனிமே நான் பிரிச்சுப் பாக்கப்போறதில்லை" என்றார். முடிந்தது, நாம் மலையை விட்டு இறங்க வேண்டியதுதான் என்று துண்டை உதறித் தோளில் போட்டேன். அவர் அட்டை கடித்த காலைச் சொறிந்துகொண்டே முடித்தார்:

"பொட்டலத்து மேல 'பாறை', 'வேர்'னு நீர் எழுதினா போதும். அதையே நான் புஸ்தகத்துல ஏத்திடுவேன்."

அன்றிலிருந்து என் பெட்டியில் தப்பு வந்தால் கத்துவதற்கு என்னைத் தவிர எனக்கு வேறு ஆள் இல்லாமல் போய்விட்டது. கோபக்காரனுக்கு எந்தத் தரகிலும் இதைவிடப் பெரிய நஷ்டம் கிடையாது, சகோதரர்களே.